கறை மருந்து

எனக்குப் பொறாமை கிடையாது என்றுதான் முப்பத்தெட்டு வயதுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறாமை வேறு, வயிற்றெரிச்சல் வேறு என்று விளக்கம் வேறு கொடுப்பேன். பொறாமைப்படுகிறவள் அடுத்தவளிடம் இருப்பது தனக்கு வேண்டும் என்று நினைப்பாள். எனக்கு அவளுடையது எதுவும் வேண்டாம். அவளிடமும் அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவள் என்றால் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. நான் பெரியவள், அவள் சின்னவள். கீழே சலவைக்கடை, மேலே வீடு. உள்ளே வருகிற துணிக்கு வாசல் மேஜையில் மாமியார் எண் சீட்டுக் கோப்பாள். கறை இருந்தால் அது சின்னவள் மேஜைக்குப் போகும், இல்லாவிட்டால் நேராக என் வீட்டுக்காரர் பார்க்கும் மெஷினுக்கு. துவைத்து, காய்ந்து, கடைசியில் என் இஸ்திரி மேஜைக்கு வரும். தேய்த்து மடித்ததை என் கொழுந்தன் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்.

பதினாலு வருஷமாக அந்த இஸ்திரி மேஜை என்னுடையது. நான் தேய்த்த சட்டைக் கையின் மடிப்பில் விரலை வைத்தால் வெட்டும். ஆனால் மடிப்பை யாராவது பாராட்டிக் கேட்டிருக்கிறீர்களா? மடிப்பு சரியாக இருந்தால் ஒருத்தர் கண்ணிலும் படாது. கோணலாக இருந்தால்தான் என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கறை அப்படியில்லை. நேற்று இருந்த கறை இன்று இல்லை என்றால் வாடிக்கையாளர் வாயைப் பிளந்து நிற்பார். "கை ராசிம்மா உங்களுக்கு" என்று சின்னவளைப் பார்த்துச் சொல்வார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்பாள். அந்த அடக்கத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் கடையில் கறை எடுக்கிற எதற்கும் மருந்து என்றுதான் பெயர். எண்ணெய்க்கு ஒரு மருந்து, மைக்கு ஒரு மருந்து, துருவுக்கு ஒரு மருந்து. அதில் சின்னவளுடைய வெள்ளைப் பொடி தனி. காலையில் கடை திறப்பதற்கு முன் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கலப்பாள். சின்னத் தராசில் நிறுத்து, விரல் நீளத் தாளில் வைத்து, பொட்டலம் பொட்டலமாக மடித்து ஒரு டப்பாவில் அடுக்குவாள். காற்றுப் பட்டால் ஈரம் கோத்துவிடுமாம். ஒரு கறைக்கு ஒரு பொட்டலம். பழகிய வாடிக்கையாளர்கள் வீட்டுக்கும் ரெண்டு வாங்கிப் போவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். "சும்மா ஏதோ கலக்குறேன் அக்கா" என்று பேச்சை மாற்றிவிட்டாள். அதற்கப்புறம் நான் கேட்பேனா? எனக்கும் சூடு சொரணை உண்டு.

மாமியார் என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, "மாத்திரை போட்டுக்கிட்டுப் படு" என்று படியில் நின்றே சொல்லிவிட்டு இறங்கிப் போனவள், சின்னவளுக்குத் தலைவலி என்றால் தானே பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துவிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன்: மருந்து வைத்துவிட்டாள். ஒருத்தி வந்த கொஞ்ச நாளில் வீட்டையே கைக்குள் போட்டுக்கொண்டால் வேறென்ன சொல்வது?

அன்று காலையில் நடந்தது சின்ன விஷயம்தான். என் வீட்டுக்காரரின் சட்டையில் பேனா கசிந்துவிட்டது. சட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு என் மேஜையைத் தாண்டிப் போனார். "குடுங்க, நான் பாக்குறேன்" என்று கை நீட்டினேன்.

"நீ கைவெச்சா பரவிடும். சின்னவ பாத்துக்கட்டும்" என்றார்.

கட்டின புருஷன் சட்டை. அவள் அதில் பொடியைத் தூவி, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி, அரை மணி நேரத்தில் கறையை எடுத்துவிட்டாள். அது சுற்றிக்கொண்டு என் மேஜைக்குத் தேய்க்க வந்தது. அந்தச் சட்டையைத் தேய்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு மின்சாரமே தேவைப்பட்டிருக்காது.

மத்தியானம் மாமியார் சாப்பிட மேலே போனபோது வாசல் மேஜையில் நான் உட்கார்ந்தேன். ஒரு வாடிக்கையாளர் வந்தார். மூன்றாவது தடவையாக வருகிறவர். எப்போதும் வெள்ளைச் சட்டை, சீட்டில் எழுதுகிற பெயர் தவிர வேறெதுவும் எங்களுக்குத் தெரியாது. வெள்ளைச் சட்டைக்காரர் என்றுதான் நாங்கள் சொல்வோம்.

"இந்தச் சட்டையில இருந்த கறையை மூணு கடையில முடியாதுன்னு சொல்லிட்டாங்க. இங்க எப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

சாதாரண நாளாக இருந்தால், எங்க தொழில் அது என்று சொல்லியிருப்பேன். அது சாதாரண நாள் இல்லையே.

"அவகிட்ட மருந்து இருக்கு" என்றேன்.

"என்ன மருந்து?"

"யாருக்குத் தெரியும்? கதவச் சாத்திக்கிட்டுத்தான் கலக்குவா. கட்டின புருஷனுக்கே காட்டமாட்டா. பொட்டலம் பொட்டலமா மடிச்சு ஒளிச்சு வெச்சிருக்கா. ஒரு தடவ வாங்குனவங்க அப்புறம் விடவே மாட்டாங்க. திரும்பத் திரும்ப வந்து அவளத்தான் கேப்பாங்க."

"நெறைய பேர் வர்றாங்களா?"

"ஏன் கேக்குறீங்க! ஊரே மயங்கிக் கெடக்கு. எங்க வீட்டுக்காரருக்கு எப்பவோ வெச்சாச்சு. எங்க அத்தைக்கு அதுக்கும் முன்னாடியே."

அவர் சிரிக்கவில்லை. நான் அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். என் பேச்சுக்குச் சிரிக்காதவர்கள் ரொம்பக் குறைவு. சட்டையை வாங்கிக்கொண்டு, பின்னறைக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு மனசு லேசாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் அதே வெள்ளைச் சட்டைக்காரர் ஆறு பேரோடு வந்தார். போதை மருந்து தடுப்புப் பிரிவு என்று அட்டையைக் காட்டினார். நேராகப் பின்னறைக்குப் போனார்கள். தராசு கிடைத்தது. வெட்டிவைத்த தாள் கிடைத்தது. முப்பத்தேழு பொட்டலம் கிடைத்தது. சின்னவளின் மேஜைமேலேயே ஒரு பொட்டலத்தைப் பிரித்து, கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் போட்டு, எதையோ ஊற்றிக் குலுக்கினார்கள். நீலமாக மாறியது. நீலம் வந்தால் போதைப் பொருள் என்று அர்த்தமாம்.

"நீலம் வந்தாச்சு" என்றார் ஒருவர், பரீட்சையில் பாஸ் ஆனவர் போல.

மாமியாருக்கு வந்ததே கோபம். "ஏங்க, இது சலவைக்கடை! துணிக்கு நீலம் போடுற மேஜை இது. இங்க எதத் தொட்டாலும் நீலம்தான் வரும். என் கையப் பாருங்க, என் கையும் நீலம். என்னையும் பிடிச்சுட்டுப் போங்க!"

யார் கேட்டார்கள்? சின்னவளிடம் அது என்ன என்று கேட்டார்கள். பயத்தில் அவள் வாயில் கடையில் புழங்குகிற வார்த்தைதான் வந்தது. "மருந்துங்க" என்றாள். எழுதிக்கொண்டார்கள்.

"இது உப்புங்க, துணி உப்பு" என்று அப்புறம் எவ்வளவோ சொன்னாள். வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு நோட்டைப் பிரித்து, "நம்பகமான தகவல் இருக்கும்மா. 'ஒரு தடவை வாங்கினவர்கள் விடமாட்டார்கள். திரும்பத் திரும்ப வருவார்கள்.' இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்.

என் கையில் சூடான இஸ்திரிப் பெட்டி இருந்தது. என் பேச்சு இன்னொருத்தர் நோட்டில் எழுதப்பட்டு, என் முன்னாலேயே படிக்கப்படுகிறது. அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தகவல் சொன்னவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் ஒழுங்காம். நான் அப்போது வாயைத் திறந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். திறக்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போகும்போது, "அக்கா, அடுப்புல பால் வெச்சிருக்கேன், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரெண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ரெண்டு நாள் ஒரு வாரமானது. பொடியைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், வரிசையில் மூவாயிரம் மாதிரி இருக்கிறது, அறிக்கை வர ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம் என்றார் வக்கீலம்மா. ஜாமீன் கேட்டு ரெண்டு தடவை மனுப் போட்டார். ரெண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள்.

சரி, அவள் இல்லாத மேஜை காலியாகத்தானே இருக்கிறது என்று நான் போய் உட்கார்ந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நாற்காலியில் முதல் நாள் உட்கார்ந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வாரத்தில் ரெண்டு சட்டையை வெளுக்கடித்தேன், ஒரு பட்டு மேலாடையில் ஓட்டை போட்டேன். வாசலில் வந்த ஒவ்வொருத்தரும், "சின்னவங்க இல்லீங்களா? பரவால்ல, அவங்க வந்தப்புறம் தர்றேன்" என்று துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். இருந்தாலும் அவள் பேச்சு, இல்லாவிட்டாலும் அவள் பேச்சு.

மாமியார் வாராவாரம் பேருந்து பிடித்து ஜெயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்து படியில் உட்கார்ந்து, "காட்டிக் குடுத்தவன் நாக்கு அழுகி விழ! அவன் நல்லா இருப்பானா?" என்று மண்ணை வாரித் தூற்றுவாள். எதிர்த்தெரு சலவைக்காரர்மேல் அவளுக்குச் சந்தேகம். தொழில் போட்டியாம். அவரோடு பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. நான் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பேன். சாபம் விட்டு விட்டுத் தொண்டை காய்ந்திருக்கும் அல்லவா?

ஏழாவது வாரம் மாமியாருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "பெரியவளே, நீ போய்ட்டு வா" என்றாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சின்னவள் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அக்கா, நீங்களா? கடைய விட்டுட்டு எதுக்கு வந்தீங்க?" என்றாள். இங்கே ஒரு காவலர் அம்மாவின் சீருடையில் இருந்த கறையை வெறும் சோப்பை வைத்தே எடுத்துக் கொடுத்தாளாம். அதிலிருந்து அவர்களுக்கெல்லாம் இவள்மேல் பிரியமாம். பாருங்கள், ஜெயிலுக்குப் போயும் பேர் வாங்கிவிட்டாள். எனக்கு அங்கேயும் சுருக்கென்றது. திருந்தாத ஜென்மம் நான்.

"வக்கீலம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"அறிக்கை வரணுமாம். நீ அதுல என்ன இருக்குன்னு ஒழுங்காச் சொன்னியா, இல்லையா?"

"அதெல்லாம் அன்னைக்கே சொல்லிட்டேன் அக்கா. நம்பமாட்டேங்குறாங்க. ஒருத்தி தனியா இதச் செய்ய முடியாதாம். மேல ஒரு ஆள் இருக்காங்களாம். யார் சொல்லிக் குடுத்தான்னு சொன்னா எனக்கு வழி பண்றோம்னு சொல்றாங்க."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

அவள் வலையில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எப்படிக்கா சொல்றது? அது நீங்கதானே?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். அவள் கல்யாணமாகி வந்த முதல் வருஷம், யாரோ ஒருத்தருடைய வெள்ளை உடுப்பைத் துருப்பிடித்த கம்பியில் காயப்போட்டுவிட்டாள். துருக்கறை. மாமியார் பார்த்தால் என்ன ஆகுமோ என்று படியில் உட்கார்ந்து அழுதாள். நான் அதட்டி, "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று சமையலறையிலிருந்து எலுமிச்சை உப்பும் சாப்பாட்டு உப்பும் எடுத்துவந்து, கறையில் தேய்த்து, வெயிலில் வைத்துக் கொடுத்தேனாம். எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"அதேதான் அக்கா அந்தப் பொடி. ஈரம் கோக்காம இருக்க நான் கொஞ்சம் கஞ்சி மாவு சேத்தேன். அவ்ளோதான்."

"அப்புறம் எதுக்குடி எங்கிட்ட மறைச்ச?" என்றேன். குரல் உயர்ந்ததால் காவலர் அம்மா திரும்பிப் பார்த்தாள்.

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தத் தடவை அது அடக்கம் இல்லை. "உங்க மடிப்பு எனக்கு வரவே இல்ல அக்கா. எத்தன நாள் ஒளிஞ்சு ஒளிஞ்சு தேச்சுப் பாத்திருக்கேன் தெரியுமா? இந்தக் கடையில எனக்குன்னு ஒண்ணாவது இருக்கட்டும்னு நெனச்சேன். இதுவும் உங்களுதுதான்னு தெரிஞ்சா, அத்தை என்னை எதுக்குன்னு கேப்பாங்க?" என்றாள். அப்புறம், "உங்க பேரு என் வாயில வராது. பயப்படாதீங்க" என்று எனக்குத் தைரியம் வேறு சொன்னாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். நான் காட்டிக் கொடுத்தவள். அவள் காட்டிக் கொடுக்காதவள். அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. கை ராசிக்காரி என்ற பேர் அவளுக்கு, மாமியாரின் மடி அவளுக்கு, இப்போது தியாகி என்ற பேரும் அவளுக்கேவா? அவள் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் அவள் உயர்ந்துகொண்டே போகிறாள், நான் வெளியே இருந்துகொண்டு கீழே போய்க்கொண்டே இருக்கிறேன். இதை இன்னொரு நாள் என்னால் பொறுக்க முடியாது. எல்லாரும் மனசாட்சி உறுத்தித்தான் உண்மையைச் சொல்வார்கள். என்னைச் சொல்ல வைத்ததில் பாதி வயிற்றெரிச்சல்தான்.

நேராக வக்கீலம்மா அறைக்குப் போனேன். மூன்றாவது ஜாமீன் மனுவுக்காக, வீங்கிய காலோடு ஆட்டோவில் வந்திருந்த மாமியார், என் வீட்டுக்காரர், கொழுந்தன் எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

"பொடியில என்ன இருக்குன்றது அறிக்கை வந்தாத்தான் தெரியும். இப்போதைக்கு நம்மளக் கட்டிப்போடுறது அந்தத் தகவல்தான். திரும்பத் திரும்ப வந்து வாங்குறாங்க, ஊரே மயங்கிக் கெடக்குன்னு யாரோ சொல்லிருக்காங்க. அந்த ஆள் மட்டும் கெடைச்சா..." என்று வக்கீலம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். கொழுந்தன் எழுந்து வெளியே போய்விட்டார். மாமியார் என் பக்கம் திரும்பினாள்.

"ஆம்பளைன்னு நெனச்சுல்ல சாபம் விட்டேன்" என்றாள்.

அடுத்த வாரம் நீதிமன்றத்தில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். பக்கத்தில் சின்னவள் ரெண்டு காவலருக்கு நடுவில் நின்றாள். வெள்ளைச் சட்டைக்காரரும் வந்திருந்தார். என் கண் தானாக அவர் கைமடிப்புக்குப் போனது. வேறு எங்கோ தேய்த்திருக்கிறார், கோணல்.

நீதிபதி நோட்டைப் பார்த்துப் படித்தார். "இத நீங்கதான் சொன்னீங்களா?"

"ஆமாங்க."

"மருந்துன்னு சொல்லிருக்கீங்க. உங்க வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் அத வெச்சிட்டதாவும் சொல்லிருக்கீங்க. என்ன மருந்து அது?"

"அது... அப்படி ஒண்ணும் கெடையாதுங்க. அது ஒரு பேச்சுங்க."

"பேச்சுன்னா? மருந்துன்னு சொன்னதுக்கு என்ன அர்த்தம்? தெளிவாச் சொல்லுங்க. ஒரு பொண்ணு ரெண்டு மாசமா உள்ள இருக்காங்க."

மாமியார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்தி வந்து எல்லாருக்கும் பிடிச்சவளா ஆயிட்டா, அவள மாதிரி நம்மால ஆக முடியலைன்னா, மருந்து வெச்சிட்டான்னு சொல்லுவோம்ங்க. எங்க அத்தை அவ தலையப் பிடிச்சுவிடுவாங்க. எங்க வீட்டுக்காரர் அவர் சட்டைய என்கிட்ட தராம அவகிட்ட குடுத்தாரு. அதான் சொன்னேன். பொட்டலத்துல இருக்கறது எலுமிச்சை உப்புங்க. நான் சொன்ன மருந்துக்கு அர்த்தம் பொறாமைங்க."

யாரோ பின்னால் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ஐயா, பொறாமைன்னே எழுதட்டுங்களா?" என்று கேட்டார்.

"அவங்க சொன்னபடியே எழுதுங்க" என்றார் நீதிபதி.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். வெள்ளைச் சட்டைக்காரருக்கு ஒரு காமாலை, எனக்கு ஒரு காமாலை. நடுவில் மாட்டிக்கொண்டது அவள். அன்று சாயங்காலமே ஜாமீன் கிடைத்தது. நாலு மாசம் கழித்து அறிக்கையும் வந்தது: உப்பு, எலுமிச்சை உப்பு, மாவு, கொஞ்சம் சலவை நீலம். வழக்கை முடித்துவிட்டார்கள். ஒரு மன்னிப்புக் கடிதம்கூட வரவில்லை.

சின்னவள் வந்த மறுநாளே தன் மேஜையில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்திக் கலக்குவதை நிறுத்திவிட்டாள். வாசலில் எல்லாரும் பார்க்க, பெரிய பாட்டிலில் கலந்து, தடித்த எழுத்தில் ஒரு தாள் ஒட்டினாள்: கறை எடுக்கும் பொடி, அதற்குக் கீழே இன்ன இன்ன பங்கு என்று கணக்கு. எங்கள் கடையில் இப்போது யாரும் மருந்து என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. மாமியார் என்னோடு பேசுகிறாள். அரைமனதோடுதான், ஆனாலும் பேசுகிறாள். என் வீட்டுக்காரர் தன் சட்டையை இப்போது என்னிடம்தான் கொண்டுவந்து தருகிறார், பயத்தில்.

சின்னவள் என்னைத் திட்டவில்லை. சண்டை போடவில்லை. ஏன் சொன்னீங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே ஒரு நாள், "ஏதாவது சொல்லேன்டி, ரெண்டு அறையாவது அறையேன்" என்று அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "இந்தச் சட்டை தேய்க்கணும்" என்று என் பக்கம் நீட்டினாள். அவ்வளவுதான்.

அப்போதுதான் கவனித்தேன். வந்ததிலிருந்து அவள் என்னை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. சாப்பாடு ஆச்சு, துணி வந்திருக்கு, கதவச் சாத்தணும். எல்லாம் மொட்டையாக. பத்து வருஷமாக நாளைக்கு நூறு தடவை கேட்டு எனக்குச் சலித்துப்போயிருந்த வார்த்தை அது.

நேற்று ஒரு பெண் புதிதாகக் கடைக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். மேலாடையில் பழச்சாறு கொட்டிவிட்டதாம். சின்னவள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே, "கவலப்படாதீங்க அக்கா, நாளைக்கு வாங்க" என்றாள்.

அந்தப் பெண் யார், எந்தத் தெரு, ஒன்றும் எனக்குத் தெரியாது. அவள் படியிறங்கிப் போகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் கையில் இஸ்திரிப் பெட்டி இருப்பது நினைவுக்கு வந்தது.